மூன்றாவது பின் எதற்கு?

நாடி பார்த்து மருந்து கொடுக்கிற ஒரு சித்த மருத்துவருக்கும் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் சொல்லலாம். இருமலுக்கு ஆடாதோடை சொல்லலாம். ஆனால் கரண்ட் ஷாக் அடித்து நின்றுபோன இதயத்தை ஓட வைக்க எங்கள் ஏட்டிலும் மூலிகை கிடையாது, ஆங்கில வைத்தியத்திலும் மாத்திரை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் வருமுன் காப்பதுதான் வைத்தியம். அந்த வைத்தியத்தின் பெரும்பகுதி உங்கள் வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டைகளாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"கை விர்ருங்குது டாக்டர்!"

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத் தலைவி என்னிடம் வந்தார். வயது நாற்பது இருக்கும். "டாக்டர், ஒரு மாசமா வலது கை விர்ருவிர்ருங்குது. நரம்புத் தளர்ச்சின்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அமுக்கரா சூரணம் சாப்பிடலாமா?" என்றார்.

நாடியில் குறை இல்லை. கையில் பலம் இருக்கிறது. சர்க்கரையும் இல்லை. "எப்போதெல்லாம் விர்ருங்குதும்மா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மாவு ஆட்டும்போதுதான் டாக்டர். கிரைண்டர்ல கையை வெச்சா சுர்ருங்கும். அது புது வீட்டுக்கு வந்ததுலேருந்தே அப்படித்தான். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா தெரியாது" என்றார்.

நோய் அவர் கையில் இல்லை, கிரைண்டரில் இருந்தது! எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்கச் சொன்னேன். புது வீட்டு சமையலறையில் கிரைண்டர் வைக்கிற இடத்தில் இருந்த பாயிண்ட் சிறியது. பிளக்கின் மேல் பின் அதில் நுழையவில்லை என்று யாரோ அந்தப் பின்னையே கழற்றிவிட்டிருந்தார்கள். மோட்டாரில் லேசான கசிவு. அந்தக் கசிவு போவதற்கு எர்த் வழி இல்லை. அதனால் அந்த அம்மாவின் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"லேசாத்தானே அடிக்குது" என்று நம் வீடுகளில் எத்தனை பேர் சொல்கிறோம்! ஃபிரிட்ஜ் கதவில், வாஷிங் மெஷினில், கம்ப்யூட்டர் பெட்டியில், குளியலறைக் குழாயில். தயவுசெய்து இதைப் பழகிப்போன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று சுர்ர் என்பது, கை ஈரமாகவோ கால் ஈரமாகவோ இருக்கிற ஒரு நாளில் உயிரையே கேட்கும்.

உடம்புக்குள் கரண்ட் என்ன செய்கிறது?

நம் உடம்பு உப்புக் கரைசல் நிரம்பிய பாண்டம் மாதிரி. உள்ளே போய்விட்டால் மின்சாரம் தாராளமாக ஓடும். அதைத் தடுக்கிற ஒரே கதவு தோல். காய்ந்த தோல் ஓரளவு நன்றாகவே தடுக்கும். ஈரத் தோலோ கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையோடு, வெறுங்காலோடு இருப்பவரின் உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு எடுத்துக்கொள்வதைவிடச் சில மடங்குதான் அதிகம். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் மனித உடம்பின் கணக்கே வேறு.

சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று உணர்வு தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத் தசைகள் இறுகிவிடும். விரலை மடக்குகிற தசை, விரிக்கிற தசையைவிட பலமானது. அதனால் பிடித்த ஒயரை விட முடியாமல் கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். "கரண்ட் இழுத்துக்கிச்சு" என்று சொல்கிறோமே, உண்மையில் கரண்ட் இழுப்பதில்லை. நம் தசையே விட மறுக்கிறது. 30 மில்லி ஆம்பியரை நெருங்கினால் நெஞ்சுத் தசைகள் இறுகி மூச்சுத் திணறலாம். 50, 100 மில்லி ஆம்பியர் என்று ஏறி, அது இதயத்தின் வழியாகவும் போனால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். ரத்தம் ஓடாது. சில நிமிடங்களில் மூளை சேதமடையும்.

ஆக, ஆளைக் கொல்கிற கரண்ட்டுக்கும் விளக்கை எரிக்கிற கரண்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு பிளக்குக்கு வருவோம்.

மூன்று பின்னும் ஒரே மாதிரி இல்லையே!

வீட்டில் உள்ள ஒரு த்ரீ பின் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். கீழே இரண்டு பின்கள் ஒரே அளவு. மேலே இருப்பது மட்டும் நீளம், தடிமனும் அதிகம். அழகுக்காகச் செய்ததல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

நீளம் ஏன்? பிளக்கைச் செருகும்போது எர்த் பின்தான் முதலில் தொட வேண்டும். கழற்றும்போது அதுதான் கடைசியில் விட வேண்டும். கரண்ட் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிட வேண்டும், கரண்ட் போன பிறகுதான் பாதுகாப்பு போக வேண்டும் என்பது கணக்கு.

தடிமன் ஏன்? தெரியாத்தனமாகத் திருப்பிச் செருகினாலும் எர்த் பின் கரண்ட் ஓட்டைக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் மிக்சியின், அயர்ன் பாக்ஸின் உலோக உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். சிறிய பிளக்கில் கீழ்ப் பின்கள் சுமார் 5 மில்லிமீட்டர், எர்த் பின் சுமார் 7 மில்லிமீட்டர். பெரிய பிளக்கில் கீழ்ப் பின்கள் சுமார் 7 மில்லிமீட்டர், எர்த் பின் அதைவிடவும் தடிமன்.

சுவரில் இருக்கிற சாக்கெட்டை நேருக்கு நேர் பாருங்கள். மேலே பெரிய ஓட்டை எர்த். வலது பக்கம் பேஸ். இடது பக்கம் நியூட்ரல். ஸ்விட்ச் எப்போதும் பேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். இது மாறிப்போனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் சாமானுக்குள் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். "ஆஃப் பண்ணிட்டுத்தானே தொட்டேன்" என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஷாக் அடித்த கதை இதுதான்.

எர்த் செய்கிற வேலை என்ன? சாமானுக்குள் ஒயர் தேய்ந்து உலோக உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கரண்ட் கனமான ஒயர் வழியாகச் சட்டென்று பூமிக்குப் பாயும். அந்தப் பாய்ச்சலில் பியூஸ் போகும், அல்லது எம்.சி.பி. டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் கரண்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். யார் முதலில் தொடுகிறார்களோ அவர்கள்தான் எர்த்!

வட்டப் பின் வந்த வழி

நம் வட்டப் பின் பிளக் வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. 1934-ல் பிரிட்டனில் வந்த பி.எஸ். 546 என்ற தரத்தின் வழியில் வந்தது. அவர்கள் 1947-ல் சதுரப் பின்னுக்கு மாறி, பிளக்குக்குள்ளேயே பியூஸும் வைத்துக்கொண்டார்கள். நாம் வட்டப் பின்னிலேயே தொடர்ந்தோம்.

அதே 1947-ல்தான் நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தொடங்கியது. ஐ.எஸ்.ஐ. என்று நாம் சொல்வது அதன் சுருக்கம். 1987-ல் அதன் இடத்துக்கு பி.ஐ.எஸ். என்ற அமைப்பு சட்டபூர்வமாக வந்தது. ஆனாலும் முத்திரையின் பெயர் இன்றைக்கும் ஐ.எஸ்.ஐ.தான்.

வீட்டு பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் உரிய தரத்தின் எண் ஐ.எஸ். 1293. இது 2005-லும் 2019-லும் திருத்தி வெளியிடப்பட்டது. சுவர் ஸ்விட்சுக்கு ஐ.எஸ். 3854. வீட்டு ஒயருக்கு ஐ.எஸ். 694. எர்த் போடும் முறைக்கு ஐ.எஸ். 3043. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், போதும்.

ஒரு பிளக்குக்குத் தரம் என்றால் என்னதான் பார்ப்பார்கள்? பின்னின் அளவும் இடைவெளியும் சரியா, முழு கரண்ட் ஓடும்போது எவ்வளவு சூடேறுகிறது, ஆயிரக்கணக்கான முறை செருகி எடுத்த பிறகும் பிடிப்பு தளராமல் இருக்கிறதா, ஈரப்பதத்தில் வைத்த பிறகும் கசிவு இல்லாமல் இருக்கிறதா, பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தால் பிளாஸ்டிக் தீப்பிடித்துத் தொடர்ந்து எரிகிறதா என்றெல்லாம் சோதிப்பார்கள். பிளாட்பாரத்தில் விற்கிற பிளக்குக்கு இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. வெளியே பளபளப்பு ஒன்றுதான். உள்ளே பித்தளைக்குப் பதில் முலாம் பூசிய இரும்புத் தகடு இருக்கும்.

ஒயர், ஸ்விட்ச், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2003-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. பிறகு பிளக்கும் சாக்கெட்டும் இந்தக் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே "முத்திரை இல்லாத சரக்கு, விலை கம்மி" என்று கடைக்காரர் சொன்னால், அது சலுகை இல்லை. சட்டத்துக்குப் புறம்பான சரக்கு.

முத்திரை போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐ.எஸ்.ஐ. சின்னத்துக்கு மேலே தரத்தின் எண் இருக்க வேண்டும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை மொபைலில் போட்டு அந்த எண்ணைத் தட்டினால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். சின்னம் மட்டும் இருந்து எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ஆறா, பதினாறா?

நம் வீடுகளில் இரண்டு அளவு உண்டு. சிறியது 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். பழைய வீடுகளில் 5, 15 என்று இருக்கும். எலெக்ட்ரீஷியன்கள் பெரியதை பவர் பிளக் என்பார்கள்.

ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் வாட்ஸ். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட்ஸ் வரை. 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட்ஸ் வரை. இப்போது சாமானின் முதுகில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர்தான் எடுக்கும், சின்ன பிளக் தாங்கும். 2,000 வாட்ஸ் கீசரோ இன்டக்‌ஷன் அடுப்போ 8.7 ஆம்பியர் எடுக்கும். சின்ன பிளக் தாங்காது. 1,500 வாட்ஸ் கெட்டில்கூட 6.5 ஆம்பியர், அதாவது எல்லையைத் தாண்டியதுதான்.

இங்கேதான் நம் ஆட்களின் சாமர்த்தியம் வேலை செய்கிறது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் போட ஒரு கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. பிளக் நுழைந்துவிட்டது, சாமான் ஓடுகிறது, சந்தோஷம். ஆனால் சுவருக்குள் இருக்கிற ஒயர் மாறவில்லையே! சின்ன பாயிண்ட்டுக்குப் போடுவது வழக்கமாக 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். பவர் பிளக்குக்கு 2.5 அல்லது 4. காபி வடிகட்டுகிற துணியில் அண்டா நீரை ஊற்றினால் என்ன ஆகும்? பெரிய பிளக் சின்ன சாக்கெட்டில் நுழையாமல் இருப்பது குறை அல்ல, அதுதான் காவல். அந்தக் காவலாளியை நாமே காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறோம்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். சாக்கெட்டை மட்டும் பெரிதாக மாற்றினால் போதாது. பின்னால் வருகிற ஒயரும், அதற்கான எம்.சி.பி.யும் பொருத்தமாக இருக்க வேண்டும். ஏ.சி., கீசர், மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் தனி லைன் இருப்பது நல்லது. வீட்டு ஓனரிடம் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தளர்ந்த சாக்கெட் தீ வைக்கும்

பிளக் லொடலொட என்று ஆடுகிறதா? கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் கரண்ட் வருகிறதா? அந்த இடத்தில் தொடுதல் சரியில்லை என்று அர்த்தம். அங்கே 0.1 ஓம் தடை ஏற்பட்டு, 10 ஆம்பியர் ஓடினால், 10 வாட்ஸ் சூடு உண்டாகும். பத்து வாட்ஸ் பெரிய விஷயமா? ஒரு பட்டாணி அளவு இடத்தில், மணிக்கணக்காக, பிளாஸ்டிக்குக்கு நடுவில் என்றால் பெரிய விஷயம்தான். முதலில் மஞ்சளாகும். பிறகு பழுப்பு. பிறகு மீன் கருகின மாதிரி ஒரு வாடை. கடைசியில் தீ.

எம்.சி.பி. இதைக் கண்டுபிடிக்காது. ஏனென்றால் கரண்ட் அளவு கூடவில்லை, தொடுகிற இடம்தான் கெட்டிருக்கிறது. உங்கள் கண்ணும் மூக்கும்தான் இதற்கு டெஸ்டர்.

இன்னொரு வழக்கம். பிளக் இல்லாமல் ஒயர் நுனியைச் சீவி, ஓட்டையில் விட்டு, தீக்குச்சி செருகி இறுக்குவது. கல்யாண வீட்டு சீரியல் விளக்குக்கும், கோயில் திருவிழாவுக்கும், தண்ணீர் மோட்டாருக்கும் இதைச் செய்கிறோம். இதைவிட ஆபத்தான காரியம் வீட்டில் வேறு இல்லை. குழந்தை ஒயரை இழுத்தால் கரண்ட் உள்ள நுனி அதன் கையில் வந்துவிடும்.

எல்லா நாட்டு பிளக்கும் நுழைகிற மாதிரி அகல ஓட்டை வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் இறுக்கிப் பிடிக்காது. சின்ன விரலும் கொண்டை ஊசியும் சுலபமாக நுழையும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஷட்டர் வைத்த சாக்கெட் போடுங்கள். பின் நுழையும்போது மட்டும் உள்ளே இருக்கிற மூடி விலகும்.

ஐந்தாயிரம் தடவை கேட்ட கேள்விகள்

*"டூ பின்னோடதான் சாமானே வருது, அதுக்கு எர்த் வேண்டாமா?"*

மொபைல் சார்ஜர், ஹேர் டிரையர் போன்றவற்றில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள சாமான். அதற்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் உலோக உடம்பு உள்ள எதுவானாலும் மூன்று பின் கட்டாயம்.

*"எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கே, அப்புறம் என்ன பயம்?"*

எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஆள் மேல் 0.2 ஆம்பியர் பாய்வதைக் கண்டுகொள்ளாது. ஆளைக் காப்பாற்ற வேண்டியது ஆர்.சி.சி.பி. எலெக்ட்ரீஷியன்கள் சிலர் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், "யார் மேலேயோ போகுது" என்று கண் இமைக்கிற நேரத்தில் வெட்டிவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவிதான் வாங்க வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

*"அது இருந்தா எர்த் இல்லாட்டியும் பரவாயில்லையா?"*

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். எர்த் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே கருவி விழும். இல்லாவிட்டால் நீங்கள் தொட்டு, ஷாக் வாங்கி, பிறகு விழும். மேலும் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது. உங்களையும் ஒரு விளக்கு என்றே நினைத்துக்கொள்ளும்.

*"ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுது. எலெக்ட்ரீஷியன் அதைக் கழட்டிட்டா சரியாயிடும்ங்கறார்."*

காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம் இது. எங்கோ கசிவு இருக்கிறது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

*"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தணுமா?"*

பழைய முறையில் உப்பும் கரியும் போட்டுக் கட்டிய குழி என்றால், ஆமாம், கோடையில் மண் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வகையானாலும் வருடம் ஒரு முறை எலெக்ட்ரீஷியனிடம் எர்த் தடையை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் ஒயரைக் கட்டுவது கூடவே கூடாது. நடுவில் பிளாஸ்டிக் குழாய் மாற்றியிருந்தால் எர்த்தும் போச்சு, குழாயைத் தொடுகிற எல்லோருக்கும் ஷாக்கும் ஆச்சு.

குளியலறையும் ஹீட்டர் ராடும்

பக்கெட்டில் ராடு போட்டுத் தண்ணீர் சுட வைக்கிறவர்கள் செய்கிற காரியம் என்ன? "சூடாச்சா?" என்று விரலை விட்டுப் பார்ப்பது! ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ராடை வெளியே எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ராடு தண்ணீரில் இறங்கிய பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். உலோக பக்கெட் வேண்டாம். குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் வைக்க வேண்டாம்.

கீசர் போட்டால், தண்ணீர் சூடானதும் அணைத்துவிட்டுக் குளியுங்கள். அதன் ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருப்பது நல்லது. ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றாதீர்கள்.

ஷாக் அடித்துவிட்டால்...

முதலில் ஆளைத் தொடாதீர்கள். தாய்ப் பாசத்தில் ஓடிப் போய்ப் பிடித்து, இரண்டு உயிர் போன வீடுகள் உண்டு. மெயின் ஸ்விட்சை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக் கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். தெருக் கம்பி அறுந்து விழுந்த இடமானால் கிட்டேயே போகாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி கரண்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நாடி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நாடி பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நான் இதைச் சொல்கிறேன். ஒருவர் 108-க்குப் பேசட்டும். இன்னொருவர் ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வைத்து, கையை மடக்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வாயோடு வாய் வைத்து ஊதத் தெரிந்தவர்கள் 30 அழுத்தலுக்கு 2 முறை ஊதலாம். தெரியாதவர்கள் அழுத்துவதை மட்டும் விடாமல் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. ஷாக் அடித்து மூச்சு நின்றவர்களில் உடனே இப்படிச் செய்ததால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மண்ணில் புதைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எதுவும் வேண்டாம். வர்மம் தட்டினால் எழுந்துவிடுவார் என்று சித்த வைத்தியரைத் தேடி ஆட்டோவில் ஓடாதீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் உயிர். முதலில் ஆஸ்பத்திரி. எங்கள் மருந்துக்கெல்லாம் பிறகு காலம் இருக்கிறது.

தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓட விடுங்கள், கரண்ட் நிறுத்திய பிறகு. ஐஸ், பற்பசை, இங்க், காபித்தூள் கூடாது. எண்ணெய் மருந்தும் அப்போது வேண்டாம். மின்சாரப் புண் வெளியே ஒரு ரூபாய் அளவு இருக்கும். உள்ளே தசை ஒரு முழம் வெந்திருக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

"எழுந்து நல்லாத்தான் நடக்கிறாரே" என்றாலும் மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி, தீப்புண் ஏதாவது இருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், இதய நோயாளியாக இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஒயரைக் கடித்த குழந்தையின் உதட்டுப் புண் சின்னதாகத் தெரிந்தாலும் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். சில நாள் கழித்துக்கூட ரத்தம் கொட்டலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, மெயினை அணைத்துவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

1. எந்த சாக்கெட் மஞ்சளித்திருக்கிறது, விரிந்திருக்கிறது, ஆடுகிறது?
2. எந்த பிளக்கில் எர்த் பின் இல்லை, உடைந்திருக்கிறது?
3. எந்த பிளக்குக்குள் நுழையும் இடத்தில் ஒயர் நைந்திருக்கிறது, டேப் சுற்றியிருக்கிறது?
4. பெரிய சாமான் எது சின்ன பாயிண்ட்டில் ஓடுகிறது?
5. ஒரே பாக்ஸில் எத்தனை சாமான்? மொத்த வாட்ஸ் எவ்வளவு?
6. ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? பிறகு மெயினைப் போட்டதும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா?
7. தொட்டால் சுர்ரென்கிற சாமான் எது? வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடமும் கேளுங்கள். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டாம். சுர்ரென்கிற சாமானை மட்டும் அவர் வரும் வரை பிளக்கைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். அன்றைக்கு மாவு கடையில் வாங்கிக்கொள்ளலாம். குடி முழுகிப் போகாது.

ஒரு நல்ல பிளக் வாங்க ஆகிற செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை டிபன் சாப்பிடுகிற செலவைவிடக் குறைவு. மூன்று பின் பிளக்கில் மூன்று பின்னும் இருக்கட்டும்.